யோக்கில் வெடிப்பு இருந்தால் தோல் சுற்றி மூடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் நம் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் கட்டும் பெற்றோரும் யோக் பற்றி, அதாவது விமானத்தைத் திருப்பவும் மூக்கை ஏற்றி இறக்கவும் ஓட்டுபவர் பிடிக்கும் கைப்பிடி பற்றி, கவனிக்க வேண்டிய ஒரு விஷயத்தை, விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பயிற்சிக்கு ஓடும் சிறிய விமானங்கள் பெரும்பாலும் பழையவை. செஸ்னா 152 ரகத்தின் உற்பத்தி 1985ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. செஸ்னா 150 அதைவிடப் பழசு. எஞ்சினுக்கு மணிக்கணக்கு வைத்துக் கழற்றிப் புதுப்பிக்கிறார்கள். ஓட்டுபவர் கையில் எந்நேரமும் இருக்கும் யோக்கை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டு அதன் பிளாஸ்டிக் வெளிறிப்போகும், பிடி வழுக்கும், மயிரிழை போல வெடிப்பு விழும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்துத் தோல் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். தோல் சுற்றுவதில் பிழையில்லை. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுற்றுவதுதான் பிழை. என் மேசைக்கு வந்த யோக் ஒன்றில் தையலைப் பிரித்தபோது, கையால் பிடிக்கும் கொம்பு நடுப்பகுதியோடு சேரும் இடத்தில் எபொக்சி பசை பூசித் தேய்த்து, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் முறுக்கினேன். பெயின்ட் பிளந்து, வெடிப்பு வாய் திறந்தது. தரையிறங்கும் கடைசி நொடிகளில், மூக்கைத் தூக்குவதற்காக யோக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் கையில் அது முறிந்திருந்தால்?

இது புதிய கதையல்ல. பைப்பர் செரோக்கி விமானங்களின் பிளாஸ்டிக் யோக்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்படி அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 1969இலேயே கட்டாய உத்தரவு போட்டது.

உள்ளே உலோகச் சட்டம் இருந்து, மேல்பூச்சு மட்டும் வெடித்திருந்தால் புதுப்பிக்கலாம். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வார்த்த யோக்கில் நடுப்பகுதியை நோக்கி வெடிப்பு ஓடினால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். யோக் பொருந்தியிருக்கும் குழாயையும் பாருங்கள். விமானம் நிற்கும்போது யோக் அசையாமலிருக்கப் பூட்டு ஊசி செருகும் துளை, வருடக்கணக்கில் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். குழாய் முன்னாலுள்ள கருவிப் பேனலுக்குள் நுழையும் இடத்திலும் ஆட்டம் விழும்.

மாற்றுவது செலவுதான். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தபோது சாமான் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கண்டோம். அதற்காக இது பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் தேடி வாங்கிப் போடும் சாமான் இல்லை. பிரித்த விமானத்திலிருந்து எடுத்த யோக் என்றாலும் பரவாயில்லை, பாவிக்கத் தகுந்தது என்ற சான்றிதழ் கூடவே வர வேண்டும். யோக்கைப் பொருத்திய பிறகு, பொருத்தியவர் அல்லாத இன்னொருவர் முழு இயக்கத்தையும் சோதிக்க வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் இட இறக்கையின் ஏலரான், அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகை, மேலே எழ வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான், ஆனால் ஏலரான் மாறி இயங்கினால் விமானம் புறப்பட்ட உடனேயே கவிழக்கூடும்.

பயிற்சிப் பள்ளிகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான். தோல் சுற்ற முன், யோக்கைக் கழற்றி, பழைய உறை, பெயின்ட் எல்லாம் நீக்கி, லைசன்ஸ் உள்ள இன்ஜினியர் ஒருவர் பார்த்து விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லொக் புத்தகத்தில் கையொப்பமிடட்டும். ஏற்கனவே தோல் சுற்றிய யோக்குகளை அடுத்த பரிசோதனையிலேயே பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளே, நீங்கள் ஓட்டும் விமானத்தில் தோல் உறை இருந்தால், அது எப்போது போடப்பட்டது, போட முன் யார் பார்த்தார் என்று உங்கள் பயிற்சி ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு இன்ஜினியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06