"நான் போகிறேன்" என்று கேட்காதே

அன்பு மகளுக்கு,

நைஜீரியாவில் இகாலா மொழி பேசும் ஊரான இடாவில் இறங்கியதும் முதல் வேலையாக, "நான் போகிறேன் என்பதை இகாலாவில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிடாதே. வினைநோக்கு (நிகழ்வு முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா, வழக்கமா என்று வினை காட்டும் விதம்) தேடிப் போகிறவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். இகாலாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறையான யொரூபா மொழியை வைத்துச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கிளை. இரண்டிலும் தொனி (அசையைச் சொல்லும் சுருதியின் ஏற்ற இறக்கம்) மாறினால் பொருள் மாறும்.

யொரூபாவில் 'லொ' என்றால் போ. 'மோ லொ' நிகழ்காலம் என்று தோன்றும். இல்லை, 'நான் போனேன்'. ஆனால் 'மொ' (அறி) சேர்ந்த 'மோ மொ' என்பது 'எனக்குத் தெரியும்', இப்போதே. ஒட்டு எதுவும் இல்லாத வினை நிகழ்வை முழுசாக ஒரே பார்வையில் காட்டுகிறது. போவதற்கு முடிவு உண்டு, அதனால் முடிந்துபோனது. தெரிந்திருப்பதற்கு முடிவு இல்லை, அதனால் இப்போதும் நிற்கிறது. ஆகவே ஒரே வினையை வைத்துக்கொண்டு அட்டவணை போடாதே. போ, சாப்பிடு, உடை, சா, இருமு, அறி, உயரமாயிரு, உட்கார் என்று எட்டு வினைகளாவது வேண்டும். இதில் 'உட்கார்'தான் படுத்தும். உட்கார்ந்ததும் உட்கார்ந்திருப்பதும் ஒரே வடிவில் வரலாம்.

அடுத்தது 'ன்'. 'ஓ ன் லொ', அவன் போய்க்கொண்டிருக்கிறான். இந்த மூக்கொலி தனியாக ஓர் அசை, உச்சத்தொனி. பின்னால் வரும் மெய்க்கு ஏற்ப மாறும்: 'பொ' முன் ம், 'க' முன் ங். நம் காது இதைப் 'பம்பு', 'சங்கு' மாதிரி அடுத்த மெய்யோடு ஒட்டிக் கேட்டுப் பழகியது. அதனால் தனி மாத்திரை கொடுக்காமல் விழுங்கிவிடும். நோட்டில் 'ஓ லொ' என்று விழும், போய்க்கொண்டிருப்பவன் போய்ச் சேர்ந்துவிடுவான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்லச் சொல். பிறகு சொல் இல்லாமல் மெட்டை மட்டும் விசிலடிக்கச் சொல். விசிலில் அசை ஒளிய முடியாது. சந்தேகம் இருந்தால் பேச்சொலியை அலசும் பிராட் மென்பொருளில் சுருதிக் கோட்டைப் பார்.

இதே 'ன்' நேற்றைக்கும் பொருந்தும் என்பதைக் கவனி. "நேற்று நான் வந்தபோது அவன் போய்க்கொண்டிருந்தான்" என்றாலும் 'ன்'தான். காலம் 'நேற்று' என்ற சொல்லில் இருக்கிறது, 'ன்'-இல் இல்லை. 'தி' சேர்ந்தால் 'ஓ தி லொ', போயாயிற்று. 'மா ன்' சேர்ந்தால் வழக்கமாகப் போவான்.

எதிர்மறையைக் கடைசிக்குத் தள்ளாதே. 'கோ லொ' போகவில்லை; 'கோ தீ லொ' இன்னும் போகவில்லை; 'கீ லொ' போவதே இல்லை. உடன்பாட்டில் இருந்த 'மா ன்' இங்கே காணாமல் போய் 'கீ' வந்து உட்காருகிறது. உடன்பாட்டு வாக்கியத்தில் 'இல்லை'யைச் செருகினால் எதிர்மறை கிடைத்துவிடும் என்று நினைத்தால் பாதி அமைப்பு கையை விட்டுப் போய்விடும்.

வெறும் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லாமல் சூழலையும் சேர்த்துக் கொடு. ஸ்வீடன் மொழியியலாளர் ஓஸ்டன் டால் 1985-இல் வெளியிட்ட வினாப்பட்டியல் இந்த வழிதான். "தம்பி எங்கே? சந்தைக்கு. இன்னும் திரும்பவில்லை." "தம்பி சந்தைக்குப் போனான், திரும்பி வந்துவிட்டான், இதோ நிற்கிறான்." இரண்டுக்கும் ஒரே வடிவம் வருகிறதா, வேறா? அங்கேதான் 'தி' போன்ற ஒன்று இகாலாவில் தலைகாட்டலாம். யொரூபா ஒட்டையே எதிர்பார்த்து உட்காராதே. கட்டங்களை மட்டும் கொண்டு போ, நிரப்புவது அங்குள்ளவர்கள் வாய்.

யொரூபாவில் எழுவாய் பெயர்ச்சொல்லாக இருந்தால் அதன் கடைசி உயிர் நீண்டு உச்சத்துக்கு ஏறும்: 'ஒமொ' (பிள்ளை) + 'லொ' என்பது 'ஒமொ-ஒ லொ' என்று வரும். எதிர்கால 'யோ' முன் ஏறாது. அதனால் 'அவன்' மட்டும் போதாது, பெயர்ச்சொல் எழுவாயோடும் ஒரு சுற்று கேள்.

வடிவங்களுக்குக் கீழே 'இறந்தகாலம்' என்று பேனாவால் எழுதாதே. நேற்று, இப்போது, நாளை மூன்றோடும் சோதித்து முடிக்கும்வரை பென்சில் போதும்.

அன்புடன்,
அப்பா