சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர்களே, சட்டமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். கட்சி வேறுபாடு பாராமல், மருத்துவப் பட்டம் பெற்றுத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் உறுப்பினர்களாக இருக்கும் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவள் நான்.

ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிப் பரிசோதனைக்கு வந்திருந்த ஓர் இளம்பெண்ணிடம் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகைக்கான விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள், "நர்ஸம்மா, இந்த முத்துலட்சுமி யாரு? மந்திரி வீட்டு அம்மாவா?" என்று கேட்டாள். பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. "பெரிய டாக்டர்மா, அந்தக் காலத்துல சட்டசபையில இருந்தவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அந்த அம்மையார் தொடங்கிய வேலையைத் தொடரும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தாம்.

முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் அனுமதி அவருக்கு வழிதிறந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். 1914-ல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டு உறுதி பெற்றுக்கொண்டார். இவை நீங்கள் அறிந்தவையாகவே இருக்கும். ஆண்டுதோறும் அவர் பிறந்த நாளில் மாலை போட்டுப் பேசும்போது இவற்றைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது அவர் சட்டமன்றத்துக்குள் போன பிறகு செய்ததைப் பற்றி.

மருத்துவர் அரசியலுக்கு வருவது அதற்கு முன்பே இங்கே நடந்திருக்கிறது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் டி.எம். நாயரும் நடேசனாரும் மருத்துவர்களே. ஆனால், நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பதுபோல ஒரு சட்டத்தையும் கடைசிவரை தொடர்ந்து கவனித்தவர் என்று நான் மனமார மதிப்பது முத்துலட்சுமி அம்மையாரைத்தான். மருத்துவத் தொழில் தடைப்படுமே என்ற தயக்கத்தோடுதான் அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கான நியமனத்தை ஏற்றார். 1927-ல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில், சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைத்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு மருத்துவர் கேட்பதைப்போல வேரைத் தேடினார். வேர் நிலத்தில் இருந்தது. கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியம் செய்ய ஒரு பெண் இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போய்விடும். எனவே, மனம் ஒப்பாத தாயும்கூடக் குடும்பத்தின் சோற்றுக்காக ஒரு மகளையாவது பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. 1929-ல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது: ஊழியக் கட்டுப்பாடு நீங்கி, நிலம் அந்தப் பெண்களுக்கே உரியதாகும் வழி பிறந்தது. "செய்யாதே" என்று சொல்வதற்கு முன்னால், செய்யாமலிருந்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலையை உருவாக்கியிருக்கிறார். என் பணிக்காலத்தில் நான் கண்ட எத்தனையோ நல்ல உத்தரவுகள் பலிக்காமல் போனதற்குக் காரணம், அவற்றை எழுதியவர்கள் அந்த அடுப்பைப் பார்க்காததுதான்.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொல்லமாட்டேன். அவரை எதிர்த்தவர்கள் சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்கள் மட்டுமல்லர். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாளும் அவர்கள் பக்கம் நின்றார். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் மானத்தையும் ஒரே வீச்சில் பழித்துவிட வேண்டாம் என்பது அவர்கள் முறையீடு. மறுபுறம், அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இந்த வழக்கத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். குழந்தைப் பருவத்திலேயே பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் கதியை நினைத்தால் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கமே நியாயம் என்பது என் முடிவு. ஆயினும், மனுக் கொடுத்த அந்தப் பெண்களை உட்காரவைத்து இன்னும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். நோயாளியைவிட நோயைப் பற்றித் தமக்கே அதிகம் தெரியும் என்ற எண்ணம் நல்ல மருத்துவர்களுக்கும் வருவதுண்டு. நாங்கள் செவிலியர்கள் அதை அருகிலிருந்து பார்த்தவர்கள். அதனால் இதை உரிமையோடு சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதும், அம்மையார் பதவியைத் துறந்தார். அவர் அவையில் இருந்தது ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள்தாம். ஐந்தாண்டு போதவில்லை என்று நம்மில் பலர் சொல்லக் கேட்கிறோம். பதவி போன பிறகுதான் அவர் தொடர்கண்காணிப்பின் கடினமான பகுதி தொடங்கியது. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் தங்க இடமின்றி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. அவர்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்ததிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். சட்டம் மீட்டெடுத்த பெண் அன்று இரவு எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அது. பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது. அவர் அவையைவிட்டு வெளியேறிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பதினேழு ஆண்டுகளும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

புற்றுநோய் மருத்துவமனையின் கதை இன்னும் நீளம். 1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற முடியாமல் பக்கத்திலிருந்து பார்த்தவர், இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு செயல்படத் தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள்; அம்மையாருக்கு அப்போது வயது 67.

இப்போது என் வேண்டுகோளுக்கு வருகிறேன். அவர் பெயரில் நம் அரசு நடத்தும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. நல்ல திட்டம், பணத்துக்காகவே முதல் மூன்று மாதத்துக்குள் பதிவுசெய்ய வந்து, அதனால் ரத்தசோகை கண்டறியப்பட்டுப் பிழைத்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால், தவணை தவணையாக வரும் இந்தப் பணம் சிலருக்கு நடுவழியில் நின்றுவிடுகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஒரு பெண்ணின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. புகுந்த ஊரில் பதிவு. வங்கிக் கணக்கில் அப்பாவின் முதலெழுத்து, அட்டையில் கணவரின் முதலெழுத்து. இங்கே கேட்டால் அங்கே போகச் சொன்னார்கள்; அங்கே கேட்டால் கணினியில் காட்டவில்லை என்றார்கள். நிறைமாத வயிற்றோடு இரண்டு பேருந்து மாறி நான்கு முறை அலைந்தாள். பேறுகாலத்தில் சத்தான உணவுக்கென்று வர வேண்டிய தவணை, குழந்தை தவழத் தொடங்கிய பிறகு வந்தது. அவள் கோபப்படவில்லை, "பரவாயில்லை நர்ஸம்மா, வந்துச்சே" என்றாள். அந்தப் பரவாயில்லை என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது எத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற கணக்கு அவையில் வாசிக்கப்படும். அது தேவையான கணக்குதான். நீங்கள் மருத்துவர்கள் என்பதால், இன்னொரு கணக்கையும் கேளுங்கள். பதிவுசெய்தவர்களில் கடைசித் தவணைவரை வந்து சேராதவர்கள் எத்தனை பேர், எந்தத் தவணையில் நின்றார்கள், நின்றதற்குக் காரணம் பெயர்க் குழப்பமா, இடம்பெயர்வா, கருச்சிதைவா, குழந்தை இறப்பா என்று கேளுங்கள். தடுப்பூசிக்கு விடுபட்டோர் பட்டியலை நாங்கள் வாரந்தோறும் எழுதி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறோம். அதைப் போன்ற ஒரு பட்டியல் இந்த உதவித்தொகைக்கும் இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அவையில் வைக்க வேண்டும். திருமணமான பெண் பெயரின் முதலெழுத்து மாறியதற்காகப் பணம் நிற்கக்கூடாது என்று ஓர் உத்தரவு போதும்; அதைக் கேட்டுப் பெறும் குரல் உங்களிடம் இருக்கிறது.

கூடவே, உங்கள் தொகுதியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பிணிப் பரிசோதனை நாள் ஒன்றில், முன்கூட்டிச் சொல்லாமல், சால்வையும் புகைப்படக்காரரும் இல்லாமல் வாருங்கள். மருத்துவ அலுவலரின் அறைக்குப் போக வேண்டாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்களோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். யாருக்குத் தவணை நின்றிருக்கிறது என்று கேட்டால் அவர்களே அட்டையை எடுத்து நீட்டுவார்கள். அவர்களில் யாராவது முத்துலட்சுமி யார் என்று கேட்டால், என்னைப்போல அவசரப்பட்டு அடுத்த பெயரைக் கூப்பிடாமல், பொட்டுக்கட்டுவதை ஒழித்த சட்டத்திலிருந்து அந்த 12 படுக்கைகள்வரை முழுவதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்