பதினாறாவது எண்ணைக் காப்பாற்றியவர்களுக்கு

எங்கள் மகளிர் குழுக் கணக்கு இந்த மாதத்தோடு நோட்டிலிருந்து முழுசாக எக்செலுக்கு, அதாவது கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் மென்பொருளுக்கு, மாறிவிட்டது. கணக்கு எழுதுவது நான்தான். போன தை வரைக்கும் எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது, அதனால் யார் யார் தயவில் இது நடந்தது என்று எழுதி வைக்காவிட்டால் மனசு கேட்காது.

முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சார். சேர்ந்த அன்றைக்கே நோட்பேடில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல் அடித்தேன், கரண்ட் போச்சு, வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. சார் சிரிக்கவில்லை. "ராம்னு கம்ப்யூட்டரோட தற்காலிக நினைவகம், அது அடுப்பு மேடை மாதிரிம்மா, ஹார்டு டிஸ்க்தான் அலமாரி, கரண்ட் போனால் மேடையைத் துடைத்துவிட்டுப் போய்விடும், சேவ் கொடுத்தால்தான் அலமாரிக்குப் போகும்" என்றார். அதிலிருந்து கன்ட்ரோல் எஸ் என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொரு நாள் எழுத்தை எண்ணும் லென் ஃபார்முலா 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 என்று காட்டியது. மூன்றெழுத்துதானே சார் என்றால், அதற்கு த தனி, ம தனி, இகரக் குறி தனி, ழ தனி, புள்ளியும் தனியாம்!

அப்புறம் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். மௌஸை என் கையிலிருந்து ஒரு தடவைகூடப் பிடுங்கியதில்லை, எவ்வளவு நேரமானாலும் "நீங்களே அழுத்துங்க அத்தை" என்பாள். (என் மகனும் இருக்கிறான், "தள்ளும்மா" என்று அவனே செய்துவிட்டுப் போவான், அதில் நான் ஒன்றும் கற்கவில்லை.) வட்டி விகிதத்தை எஃப்1 கட்டத்தில் வைத்து, முதல் ஆளுக்கு ஃபார்முலா போட்டுக் கீழே இழுத்தேன், மீதி பதின்மூன்று பேருக்கும் வட்டி சைபர். அன்றைக்கு ஊரிலேயே என்னைவிடத் தாராளமான ஆள் கிடையாது. ஃபார்முலா ஒரு வரி இறங்கினால் அது பார்க்கும் கட்டமும் எஃப்2, எஃப்3 என்று கூடவே இறங்குமாம், அங்கே காலிதானே. எஃப்4 விசையை அழுத்தி டாலர் குறி போட்டால் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும். நம் கணக்கு ரூபாயில்தானே, டாலர் எதுக்கு என்று கேட்டதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், சரி, அது சிரிக்க வேண்டியதுதான்.

பேங்க் கவுன்ட்டர் மேடத்துக்குத் தனி நன்றி. கடன் தொகை போட பதினான்கு பேருடைய அக்கவுன்ட் நம்பரையும் அடித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் தாளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கடைசி நம்பர் எப்படிம்மா சைபரா இருக்கும்?" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் நினைவு வைக்கும், எங்கள் நம்பர் 16 இலக்கம், கடைசியை அது சைபராக்கிவிடும். பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் (எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்தாக) என்று மாற்றினாலும் போனது போனதுதான். அடிக்கும் முன்பே டெக்ஸ்ட் ஆக்கணும், இல்லை நம்பருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடணும். எல்லாவற்றையும் பாஸ்புக் பார்த்துத் திரும்ப அடித்தேன்.

கடைசியாக என் மாமியார். பழைய கணக்கு நோட்டை அவர் இன்னும் விடவில்லை, ஒவ்வொரு மாதமும் என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆடியில் பதினைந்தாவது ஆள் சேர்ந்தார். "உன் பெட்டி 2,800 சொல்லுது, என் நோட்டு 3,000 சொல்லுது" என்றார். நோட்டுதான் சரி. முதல் வரி தலைப்பு, அதனால் பதினான்கு பேரும் சி15-இல் முடிந்துவிடுவார்கள்; நான் போட்டிருந்த சம் (கூட்டல்) ஃபார்முலாவும் சி15 வரைக்கும்தான், புது ஆளுடைய 200 ரூபாய் சி16-இல் யாரும் கூட்டாமல் உட்கார்ந்திருந்தது. சி16 என்று மாற்றினேன். மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காபி கேட்டார்.