காகா போச்சா

கனசாவா
ஜப்பான்
டிசம்பர் 6

அன்புள்ள டீமேக்கருக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி ஆபரேஷன் முடிந்து, குச்சி ஊன்றிக்கொண்டு மார்க்கெட் வரை நடக்கிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. நீ அங்கே குச்சி ஊன்றுகிறாய், நான் இங்கே குச்சி குடிக்கிறேன். விளையாட்டில்லை. இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கப்போகிறது. பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. பேத்திக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள், அதனால் பகலில் சமையலறை என் கையில். என் வீட்டுக்காரி இரண்டு கிலோ காபித்தூளைச் சுமந்து வந்தவள், தீரும்வரை வேறெதையும் தொட மாட்டேன் என்கிறாள். ஊர் அழகுதான், ஆனால் வானம் ஓயாமல் அழுகிறது. 'சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று இந்தப் பக்கத்தில் பழமொழியே இருக்கிறது. பனி இறங்குவதற்கு முன்னால் இடி இடிக்கிறது. அதற்கு 'புரி மீனை எழுப்பும் இடி' என்று பெயர். அந்த இடிக்குப் பிறகுதான் நல்ல மீன் வலையில் விழுமாம்.

சரி, குச்சி. வந்த முதல் வாரம் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, "அப்பா, காகா போச்சா தீர்ந்துடுச்சு, கடையில பார்த்தா வாங்கி வைங்க" என்றாள். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன், எந்தக் காகம் போச்சு என்று. அப்புறம்தான் விளக்கினாள். 'காகா' என்பது இந்த இஷிகாவா மாகாணத்துத் தென்பகுதியின் பழைய பெயர். 'போ' என்றால் குச்சி, 'ச்சா' என்றால் தேநீர். வறுத்த குச்சித் தேநீர். இந்த ஊரில் டீ என்று சொன்னாலே பல வீடுகளில் இதுதான். வறுக்காத பச்சைக் குச்சியானால் 'குக்கிச்சா'. தெற்கே கியூஷூ பக்கம் அதையே 'ஷிராவோரே' என்கிறார்கள். கியோத்தோவில், உயர்ந்த ரகத் தேயிலையிலிருந்து பிரித்த குச்சிக்குக் 'கரிகானே' என்று பெயர், காட்டு வாத்தின் குரல் என்று பொருள். கடல் கடக்கும் வாத்துகள் அலகில் சிறு குச்சியைக் கவ்விப் பறந்து, களைத்தால் அதை நீரில் போட்டு மேலே உட்கார்ந்து இளைப்பாறும் என்று ஒரு கதை. அந்தக் குச்சிதான் இந்தக் குச்சி என்கிறார்கள்.

வாங்கி வந்தேன். பையைப் பிரித்தபோது உன் முகம்தான் கண்முன் வந்தது. நான் ஒருமுறை குன்னூரில் உன் தேயிலை ஃபாக்டரிக்கு வந்திருந்தேனே. ட்ரையரிலிருந்து வரும் தூள் பி.வி.சி. ரோலர்களுக்கு அடியில் ஓட, ரோலரில் நிலைமின்சாரம் ஏறி, ஃபைபரை, அதாவது தண்டு நாரை, மட்டும் மேலே இழுத்துக்கொண்டது. பின்கட்டில் சாக்கு சாக்காகச் செம்பழுப்பு நிறத்தில் கட்டி வைத்திருந்ததைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். "டீ வேஸ்ட். இது வெளியே போனா நான் உள்ளே போவேன்" என்றாய். 1959-இல் வந்த டீ வேஸ்ட் கட்டுப்பாட்டு ஆணையைப் பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாய். லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது என்றாய். ஏலத்துக்குப் போகும் சாம்பிளில் ஒரு நார் தெரிந்தாலும் விலை விழுமே என்று நீ தூங்காத இரவுகள் எனக்குத் தெரியும். அந்தச் சாக்குச் சரக்கின் ஒன்றுவிட்ட தம்பிதான், இங்கே அழகான காகிதப் பையில் என் கையில் இருந்தது.

முதல் நாள் நான் செய்ததைக் கேட்டால் அடிக்க வருவாய். பழக்க தோஷம், பாலும் தண்ணீரும் சரிக்குச் சரி வைத்து, இரண்டு ஸ்பூன் குச்சியும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். பத்து நிமிடம் கொதித்தும் நிறம் ஏறவில்லை. வடித்துக் குடித்தால் வைக்கோல்போரில் பால் கொட்டியது போல இருந்தது. வீட்டுக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காபி கலக்கப் போய்விட்டாள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர், நாரா பக்கத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். மகள் மொழிபெயர்க்க, பிறகு கைஜாடையிலேயே, இரண்டே நாளில் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் செய்த முதல் தப்பு அளவு. குச்சிக்கு எடை கிடையாது, இடம்தான் அடைக்கும். இலைக்கு ஒரு ஸ்பூன் என்றால் இதற்கு இரண்டு பெரிய ஸ்பூன் குவித்துப் போட வேண்டும். வறுத்த குச்சிக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஊற்றி மூடி அரை நிமிடம், அவ்வளவுதான். கடைசிச் சொட்டுவரை கோப்பையில் வடித்துவிட வேண்டும், பாத்திரத்தில் நீர் தங்கினால் அடுத்த முறைக்குச் சுவை இருக்காது. பச்சைக் குச்சியானால் கொதிநீர் ஆகாது. கொதித்த நீரை இரண்டு பாத்திரம் மாற்றி ஊற்றி, எண்பது டிகிரிக்குப் பக்கமாக இறக்கி, ஒரு நிமிடத்துக்குள் வடிக்க வேண்டும். அதில் ஒரு தித்திப்பு இருக்கிறது. சர்க்கரைத் தித்திப்பு அல்ல, இளம் பட்டாணியைத் தோலோடு மென்றால் வருமே, அது.

அந்தத் தித்திப்பு எங்கிருந்து வருகிறது என்று படித்துப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். செடி தியானின் என்கிற தித்திப்புச் சத்தை வேரில் செய்து தண்டு வழியாக மேலே அனுப்புகிறது. இலைக்குப் போய் வெயில் பட்டால் அது கேட்டச்சின் என்கிற துவர்ப்புச் சத்தாக மாறிவிடுகிறது, துவர்ப்பு ஏறுகிறது. தண்டில் இருப்பது பெரும்பாலும் மாறாமல் அப்படியே நிற்கிறது. காஃபீனும் தண்டில் குறைவு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கோப்பை குடித்தாலும் எனக்குத் தூக்கம் வருகிறது. குன்னூரில் உன் வீட்டு டீயைக் குடித்துவிட்டு விடியவிடியக் கதை பேசினோமே, இதை வைத்து அது நடக்காது.

இந்த மாகாணத்தில் தேயிலை விளைவது கொஞ்சம்தான். குச்சி ஷிசுவோகா மாதிரியான தூரத்து ஊர்களிலிருந்து வருகிறது. இலையை ஆவியில் அவித்து, உருட்டி, உலர்த்திய பிறகு தண்டைத் தனியே பிரிக்கிறார்கள். நிலைமின்சாரம்தான், கூடவே நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமும். முன்பு இதுவும் கழிவுதான். மெய்ஜி சக்ரவர்த்தி காலத்தில் நல்ல இலையெல்லாம் ஏற்றுமதிக்குப் போக, மிஞ்சிய தண்டை வறுத்து விற்கும் யோசனை 1902-வாக்கில் இந்தக் கனசாவாவில்தான் பிறந்தது என்கிறார்கள். ஏழைகளின் டீயாகத்தான் பரவியது. 1983-இல் மரம் நடுவிழாவுக்கு ஷோவா சக்ரவர்த்தி இந்த மாகாணத்துக்கு வந்தபோது, மாருஹாச்சி என்ற உள்ளூர் நிறுவனம் முதல் பறிப்புத் தண்டை மட்டும் எடுத்து, கருகாமல் இளம் வறுவலாக வறுத்துக் கொடுத்தது. அதிலிருந்து அது காணிக்கைத் தேநீர் என்ற அர்த்தத்தில் 'கென்ஜோ' பட்டத்தோடு விற்கிறது. எந்தக் குச்சியால் நீ மெமோ வாங்கினாயோ, அது இங்கே ராஜ உபசாரம். ஆனால் நியாயமாகச் சொன்னால் உன் சாக்குச் சரக்கும் இதுவும் ஒன்றல்ல. உன்னுடையது முற்றல் இலையின் நார், சி.டி.சி. என்கிற நசுக்கிக் கிழிக்கும் இயந்திரத்தில் நசுங்கி, புளித்து, சாறெல்லாம் தூளுக்குக் கொடுத்துவிட்ட சக்கை. அதை வறுத்தால் வறுத்த சக்கைதான் கிடைக்கும்.

சமையலுக்கு வருகிறேன். பாட்டி ஊரான நாராவில் காலையில் 'சாகாயு' குடிப்பார்களாம், டீக்கஞ்சி. வகாயாமாவிலும் உண்டு. செல்லமாக 'ஒகாய்சான்', கஞ்சியார் என்று மரியாதையோடு கூப்பிடுகிறார்கள்! வறுத்த குச்சியைச் சின்னப் பருத்திப் பையில் கட்டி, கொதிக்கும் நீரில் போட்டு, நிறம் இறங்கியதும் பையை எடுத்துவிட வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பங்கு டீ. கழுவி வடித்த அரிசியைப் போட்டு, மூடாமல், தீயைக் குறைக்காமல், நுரையை மட்டும் எடுத்துக்கொண்டே இருபது நிமிடம். கரண்டி போட்டுத் துழாவக் கூடாது. நான் நம் வழக்கப்படி கடைந்து குழைக்கப் போக, பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நம் கஞ்சி குழைய வேண்டும், இவர்கள் கஞ்சி சலசலவென்று ஓட வேண்டும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. அவர்கள் தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய காய் வைக்கிறார்கள். நான் உன் மனைவி கொடுத்தனுப்பிய நார்த்தங்காயை வைத்துக்கொண்டேன். நான்கு நாளாக அதுதான் எனக்குக் காலை உணவு. அக்காவிடம் சொல், நார்த்தங்காய் இனி மிச்சமிருக்காது.

மீனுக்கும் இது நல்ல கூட்டாளி. கருவாடாக வரும் ஹெர்ரிங் மீனை இங்கே டீத் தண்ணீரில் வேகவைத்து, காறல் போனபிறகுதான் சோயாவில் போடுகிறார்கள். அதைப் பார்த்து மத்தி வாங்கி, மீந்த குச்சியின் இரண்டாம் கஷாயத்தில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இஞ்சியும் சோயாவும் சேர்த்துச் சுண்டவிட்டேன். கவிச்சி போய்விட்டது. மருமகன் தட்டை வழித்தார். வீட்டுக்காரி மட்டும், புளி போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றாள். அதுவும் உண்மைதான்.

பால் டீயையும் விடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு ஸ்பூன் குச்சி போட்டுப் பாதியாகச் சுண்டவைத்து வடித்து, காய்ச்சின பாலைத் தனியாகச் சேர்த்தால் சரியாக வருகிறது. வறுத்த வாசனை நிற்கிறது. மகளுக்கு ஜலதோஷம் பிடித்தபோது பாட்டி ஒரு உப்புப் பழத்தைக் கோப்பையில் நசுக்கி, இரண்டு சொட்டு சோயா, துருவிய இஞ்சி, மேலே கொதிக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். உமேபோஷி என்கிற அந்தப் பழம் வாயில் பட்டதும் கண் தானாக மூடிக்கொள்ளும். நம் சுக்குக் காபி மாதிரி வைத்துக்கொள்.

இப்போது உனக்கு ஒரு வேலை. உன் காம்பவுண்டில் மருந்தடிக்காத நாலு தேயிலைச் செடி இருக்கிறதல்லவா? அடுத்த முறை கவாத்து வெட்டும்போது இளம் தண்டும் முற்றிய இலையுமாகக் கொஞ்சம் எடுத்து வை. கியோத்தோவில் 'கியோபன்ச்சா' என்று ஒன்று உண்டு. இலை, தண்டு எல்லாவற்றையும் சேர்த்து அவித்து, உருட்டாமல் வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் புகை வரும்வரை வறுப்பது. உனக்கு இட்லிப் பானை போதும். கட்டிலில் விரித்துக் காயவை. காய்ந்ததும் கடலை வறுக்கிற சட்டியில் போட்டு வறு. உங்கள் செடி அஸ்ஸாம் கலப்பு, துவர்ப்புக் கூடுதலாகத்தான் இருக்கும். பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க நூறு கிராம் காகா போச்சா தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ சாம்பிள் ருசி பார்க்கும்போது உறிஞ்சுவாயே ஒரு சத்தத்தோடு, அப்படி உறிஞ்சிப் பார்த்துவிட்டு நேர்மையாக எழுது. எனக்காகப் பொய் சொல்லாதே.

ஒன்று விட்டுப்போச்சு. இன்று காலை என் கோப்பையில் ஒரு குச்சி செங்குத்தாக நின்றது. இப்போதைய கெட்டில்களில் வடிகட்டி நெருக்கமாக இருப்பதால் அது நடப்பதே அபூர்வமாம். பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது பெரிய அதிர்ஷ்டமாம், ஆனால் யாரிடமும் சொல்லாமல் குடித்துவிட வேண்டுமாம், சொன்னால் கேட்டவருக்குப் போய்விடுமாம். பாட்டியிடம் காட்டியாகிவிட்டது, உனக்கும் எழுதியாகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உன் பங்கு முட்டிக்குப் போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைக்காரன்