வல்லினமா, மெல்லினமா, இடையினமா? – ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவுக்கும், ஆஸ்பத்திரியில் கூட நின்றவர்களுக்கும், போனிலேயே தைரியம் சொன்னவர்களுக்கும்,

மூச்சு விடுவதற்காகத் துளை போட்டு வைத்திருந்த அம்மாவின் கழுத்துக் குழாயை போன வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள். துளை இருந்த இடத்தில் இப்போது நாலாக மடித்த காஸ் துணியும் பிளாஸ்திரியும்தான். அம்மா பேச வாயெடுத்தால் அதன்மேல் நான் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காற்று அந்த வழியாகவே போய்விடும். கம்மிய குரல்தான். ஆனாலும் அம்மா குரல்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கை காலை முடக்கிப்போடும் ஜி.பி.எஸ். (கில்லன்-பாரே) என்ற நரம்பு நோய், ஆஸ்பத்திரியில் 71 நாள், அப்புறம் வீட்டில் 5 மாதம். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பின்வீட்டுப் பாப்பா. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பேரைப் போட வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டதால் பாப்பா என்றே எழுதுகிறேன்.

மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர் மெஷினோடு வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரம் அம்மாவிடமிருந்து ஒரு சொல் கிடையாது. மூச்சு தொண்டைக்கு ஏறாமல் குழாயோடு போய்விடுவதால் குரல் வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கை கால் அசைவும் இல்லை. முகத்தில் லேசான சுளிப்பும் கண்ணும் மட்டும்தான் மிச்சம். அம்மா முகத்தைச் சுளித்தால் நாங்கள் சளி என்று நினைப்போம். உடனே சக்ஷன், அதாவது குழாய்க்குள் டியூப்பை விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது. கையுறை போட்டு, 12 நம்பர் டியூப்பை இறக்கி, பத்து விநாடிக்குள் எடுத்துவிடுவேன். அந்தப் பத்து விநாடியும் அம்மாவுக்கு மூச்சுமுட்டும், கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். முடித்துத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி சுளிப்பாள். மறுபடி சக்ஷன். ராத்திரியெல்லாம் இப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏ, பி, சி, டி எழுதியது. அம்மா அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாக வாசிப்பாள், அவ்வளவுதான். அட்டை அலமாரிக்குள் போய்விட்டது.

ஒருநாள் சாயங்காலம் முருங்கைக்கீரை கொடுக்க வந்த பாப்பா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். "ஆச்சிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்லா அத்தை?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கையில் பழைய தினசரி காலண்டர் அட்டை இருந்தது. பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரிசை வரிசையாக எழுத்து. க ச ட த ப ற சிவப்பில். ங ஞ ண ந ம ன பச்சையில். ய ர ல வ ழ ள நீலத்தில். கீழே குறில் ஐந்தும் நெடில் ஏழும் கறுப்பில்.

247 எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினால் ஒரு சொல் முடிவதற்குள் விடிந்துவிடும். அவள் வழி வேறு. "வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேட்பாள். எதற்கு ஆமாம் என்கிறார்களோ அதில் ஆறே எழுத்து. எழுத்து தெரிந்ததும் "குறிலா, நெடிலா?" அதிலும் ஒன்று. உயிரெழுத்தில் தொடங்குகிற சொல்லென்றால் "உயிரா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவாள். நாமெல்லாம் பரீட்சைக்குப் படித்து மறந்த இலக்கணம்தான் இது. இப்படி ஒரு கட்டிலோரத்தில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கண்ணை மூடினால் ஆமாம் என்று வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. கண் தானாகவே சிமிட்டுகிறதே! பாப்பாதான் சொன்னாள், "ஆச்சி, ஆமான்னா மேலே பாருங்க."

மெல்லினம். அதில் ஐந்தாவது. ம. அடுத்தது வல்லினம், ட. குறில், இ. அப்புறம் ப, உ. "புள்ளி எழுத்தை விட்டுருவோம் அத்தை, நமக்கே புரியும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மடிபு. "மடிப்பாம்மா?" என்றேன். விழி மேலே போய் அங்கேயே நின்றது.

போர்வையை விலக்கிப் பார்த்தோம். இடது குதிகாலுக்கு அடியில் ரப்பர் ஷீட், ஒரு கயிறு கனத்துக்கு மடிந்து கிடந்தது. அந்த இடம் சிவந்து போயிருந்தது. ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் அதே இடத்தில் அது மடிந்திருக்கிறது. இந்த ஜி.பி.எஸ். நோயில் அசைவு போனாலும் வலி போகாது, சிலருக்கு லேசாகத் தொட்டாலே வலிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். எத்தனை ராத்திரி அம்மா கால் வலிக்கிறது என்று சொல்ல, நான் தொண்டைக்குள் டியூப்பை விட்டிருக்கிறேன்! அன்றைக்குக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாப்பா ஷீட்டை நாலு பக்கமும் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா சொன்னது 'பால் பாக்கி'. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய மாதத்துப் பணம் 640 ரூபாய். ஒருநாள்கூட வாய் திறந்து கேட்காமல் பால் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் இந்த மடலிலேயே நன்றி.

வார்டில் "என் முன்னாடி பத்துத் தடவை செய்து காட்டுங்க, அப்புறம்தான் வீட்டுக்கு" என்று கண்டிப்பாக நின்று சக்ஷன் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அக்கா, மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்துவதற்கு முந்தின நாளே போன் செய்த லைன்மேன் அண்ணன், டிரான்ஸ்பார்மர் போன ராத்திரியில் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த மைக்செட் அண்ணாச்சி, மக்களைத் தேடி மருத்துவம் வண்டியில் வந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிய பிசியோ தங்கச்சி, சருகு எரிப்பதை நிறுத்திய எதிர்வீடு, எல்லோரையும் கும்பிடுகிறேன். கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து திருப்பி வைத்தார்களே, அதனால்தான் வென்டிலேட்டரின் அலாரம் எனக்குக் காதில் விழுந்தது. அந்த இளைஞர்களை மறக்க மாட்டேன்.

வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்த பிறகு, குழாயைச் சுற்றி உள்ளே இருந்த கஃப் என்ற சின்ன பலூனின் காற்றை எடுத்துவிட்டு, குழாயின் வாயில் ஒரு சின்ன வால்வை மாட்டினார்கள். உள்ளே போகும் காற்றை விடும், வெளியே வரும் காற்றைத் தொண்டைக்கு அனுப்பிவிடும். 1980களில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவர் டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், தசை நோயால் அவரே வென்டிலேட்டரில் இருந்தவர் என்று டாக்டர் சொன்னார். பேச முடியாமல் கிடந்த ஒருவருக்குத்தான் அது தோன்றியிருக்கிறது. பாப்பாவுக்கு அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. அவள் வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கத்திலேயே இருந்த நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எனக்குத் தெரிந்து கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு வருகிற யாரும் தமிழ் அட்டை இல்லாமல் இருக்கக் கூடாது. இது நான் அம்மா தலைமாட்டில் எடுத்துக்கொண்ட உறுதி. முதலில் 50 அட்டை லேமினேட் செய்யக் கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி கூலி வாங்க மறுத்துவிட்டார். புள்ளி எழுத்தை விட்டுவிடுவதால் ங இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை, அதை எடுத்துவிட்டால் மற்ற எழுத்துகளைப் பெரிதாகப் போடலாமே என்று அவர் கேட்டார். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மெல்லினம் ஆறுதான் அண்ணே" என்றாள். ஆறும் இருக்கும்.

சனிக்கிழமை அட்டைகள் வந்துவிடும். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம்.