கூன் விழுந்த வண்டிக்கு ஒரு வக்காலத்து

அன்புள்ள மக்கா,

உன் கடிதத்தில் வீட்டு விசேஷம் நாலு வரி, கார் விசேஷம் மூணு பக்கம். அம்பது தாண்டியும் இந்தக் கிறுக்கு உன்னை விடவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி மட்டும் மழை பிடித்தால் கூடும். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. நாலுவழிச் சாலைக்கு மண் அடிக்கிற லாரிகள் ஓடுகிறவரை டிங்கர்காரனுக்குப் பட்டினி கிடையாது, கேட்டியா.

இனி உன் விஷயம். புரோக்கர் ஒரு 2011 போர்ஷே பனமேரா காட்டினான், புது இன்னோவா விலைதான் சொல்கிறான், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூனன் வண்டி, போர்ஷேக்காரன் தன்னுடைய ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் 911-ஐப் பிடித்து இழுத்துப் பின்னால் ரெண்டு பேரைத் திணித்துவிட்டான், நாலு சீட்டில் அழகு என்றால் ஆஸ்டன் மார்ட்டின் ரப்பீட்தான் என்கிறாய். ரப்பீட் அழகு என்பதில் எனக்கும் சண்டை இல்லை. பனமேராவுக்குக் கூன் விழுந்தது வரையத் தெரியாததால் என்று சொன்னாயே, அதைத்தான் விட மாட்டேன்.

டேப்பை எடுத்துப் பார். 2009-ல் வந்த பனமேராவின் உயரம் ஒரு மீட்டர் நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர். ரப்பீட் ஒண்ணு முப்பத்தாறு. நீளத்தில் ரப்பீட்தான் அஞ்சு சென்டிமீட்டர் கூடுதல். நீ அழகு என்று கொண்டாடுவது அந்த ஆறு சென்டிமீட்டரைத்தான், அதை அவர்கள் எடுத்தது பின்னால் உட்காருகிறவன் தலைக்கு மேலிருந்து. ரப்பீட்டின் கூரை டிரைவர் தலையைத் தாண்டினதும் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் கோடு ஒரே இழுப்பில் வால்வரை போகிறது. பின்னால் சின்னப் பிள்ளைகள் இருக்கலாம், நம்மைப் போன்ற தடியன்கள் கழுத்தை மடக்கி வைக்க வேண்டும். பனமேராவில் பின் சீட்டுக்காரன் தலை தாண்டும்வரை கூரையை இறக்கவில்லை. ஆனால் வால் மட்டும் 911 மாதிரி தாழ்ந்து முடிய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். மிச்சம் இருக்கிற கொஞ்ச இடத்தில் கூரை திடீரென்று விழுந்தாக வேண்டும். நீ சொல்கிற கூன் அங்கேதான் வருகிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் அந்த வால் பிடிவாதத்தைச் சொல், ஒத்துக்கொள்கிறேன். 911-ன் சாயல் வேண்டாம் என்று துணிந்திருந்தால் இன்னும் நல்ல வண்டி வந்திருக்கும்.

இதையெல்லாம் படம் பார்த்துச் சொல்லவில்லை. குலசேகரத்தில் ஒரு கல்யாணத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பனமேரா, ரப்பர் தோட்டத்து மதிலில் பின் பம்பரை உரசிக்கொண்டு நம்ம பட்டறையில் நின்றது. வேலை முடிந்ததும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எனக்க உயரம் உனக்குத் தெரியும். முடி கூரையில் தொடவில்லை, முட்டு முன் சீட்டில் இடிக்கவில்லை. பிறகு இறங்கிப் பின்பக்கம் நின்று கையால் தடவினேன். கண்ணாடிப் பக்கம் கூரை உள்ளே ஒடுங்கிக்கொண்டே போகிறது, அதற்குக் கீழே சக்கரத்துக்கு மேல் தோள் வெளியே பிதுங்கி வருகிறது. அந்த வளைவை ஒரு தகடில் கொண்டுவரச் சொன்னால் நம்ம ஆசான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பார். பக்கவாட்டுப் படத்தில் இந்தத் தோள் தெரியவே தெரியாது, கூன் மட்டும்தான் தெரியும். நீ பார்த்ததெல்லாம் பக்கவாட்டுப் படம்.

2016-ல் அடுத்த பனமேரா வந்தது. அப்பாடா, திருத்திவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என்ன செய்தார்கள் தெரியுமா? பின் தலைக்கு மேல் கூரையை ரெண்டு சென்டிமீட்டர் இறக்கினார்கள், அதுவும் உள்ளே தலைக்கு இடம் குறையாமல். வண்டியின் மொத்த உயரம் பழசை விட அரை சென்டிமீட்டர் கூடத்தான் செய்தது! அச்சுக்கும் அச்சுக்கும் நடுவே மூணு சென்டிமீட்டர் நீட்டினார்கள். ஏழு வருஷம் உலகம் பூராவும் கேலி செய்த கூன் கடைசியில் விரல் அகலச் சமாச்சாரம். புதுசுதான் பார்க்க நன்றாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு விரல் அகலத்துக்காகப் பழசை அசிங்கம் என்று தள்ளினால் அதற்குப் பெயர் ரசனையா?

விலைக்கு வா. அழகு இருந்தால் மதிப்பு நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். ரப்பீட்டின் கதையே அதற்கு மறுப்பு. 2006-ல் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வண்டி காட்டினபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 2010-ல் விற்பனைக்கு வந்தது, ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்தில் வேறொருவர் ஆலையில் கட்டினார்கள். நினைத்த அளவு போகவில்லை, 2012-ல் வேலையை இங்கிலாந்துக்கே திருப்பிக்கொண்டு போனார்கள், 2020-ல் மூடியாயிற்று. கூனன் முதல் தலைமுறையிலேயே ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றான். வாங்கினவனெல்லாம் குருடனா மக்கா? பின் சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்தவனாக இருப்பான்.

அதற்காக உன்னை வாங்கு என்று சொல்லவில்லை. விலை இறங்கியிருக்கலாம், ஸ்பேர் விலை இறங்கவில்லை. வண்டி பாண்டிச்சேரி நம்பர் என்கிறாய். தமிழ்நாட்டுக்கு மாற்றினால் வாழ்நாள் வரி வரும். புது வண்டிக்கு இருபது லட்சத்துக்கு மேலென்றால் இங்கே 20 சதவீதம். பழசுக்கு வயசு பார்த்துக் குறைப்பார்கள், ஆனாலும் கணக்குப் பார்ப்பது வண்டி புதுசாக இருந்தபோது உள்ள விலையை வைத்து. புரோக்கர் இதை வாயே திறந்திருக்க மாட்டான்.

பார்க்கப் போனால், பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி ஒடுக்கை மறைத்திருக்கிறானா என்று சோதிக்கக் காந்தம் கொண்டுபோகாதே. அதில் பானட், கதவு, முன் பெண்டர், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். பட்டி பூசியிருந்தாலும் பூசாவிட்டாலும் காந்தம் ஒட்டாது, நீ முழிப்பாய். பெயின்ட் கனம் அளக்கிற கேஜ் வேண்டும், அதிலும் அலுமினியத்துக்குச் செல்லுபடியாகிற வகை. ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப்பை மேல் நிற்கிற வண்டியென்றால் ராத்திரி நிறுத்தி மறுநாள் காலையில் நாலு மூலையையும் அளந்து பார். ஒரு மூலை தணிந்திருந்தால் காற்று எங்கேயோ கசிகிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்.

கடைசியாக ஒன்று, இதை நீ யோசித்த மாதிரியே தெரியவில்லை. அந்த வண்டியில் பின்னால் தனித்தனியாக ரெண்டே ரெண்டு சீட், நடுவில் மேடு. நீ, மைனி, ரெண்டு பிள்ளைகள், உனக்க அம்மை, ஆக அஞ்சு பேர். ஆரல்வாய்மொழிக் காற்றில் அந்த வண்டியை நீ ஓட்டி வருவது எனக்கும் ஆசைதான், ஆனால் யாரைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு வருவாய்? முதலில் மைனியிடம் கேட்டுவிட்டு எழுது.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். கார் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்த கேஜ் ஒன்று எனக்கு வாங்கிக்கொண்டு வா, காசு இங்கே வந்ததும் தருகிறேன்.

உனக்க கூட்டுகாரன்
நாகர்கோவில்