முதலில் அந்தப் பிளாஸ்டிக் காதை உடை

அன்புள்ள பிள்ளைக்கு,

பார்சல் வெள்ளிக்கிழமை வரும். நீ வேலையில் நின்றால் கீழ்வீட்டில் கொடுப்பார்கள், போய்க் கேள். மிளகாய்த்தூள் ஒரு கிலோ இருக்கிறது, அம்மா வறுத்துத் திரித்தது. ஓராளுக்கு அது கூடத்தான். பழுதாகாது.

பிபிசியின் பழைய ரிவித் தொடர் டொக்டர் ஹூவை எங்கே தொடங்குவது என்று மூன்று கிழமைக்கு முன் கேட்டிருந்தாய். அதோடு சரி, போனும் எடுக்கிறாய் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

நீ இருக்கிற கார்டிஃபில் 2005இலிருந்து எடுக்கிற புதுத் தொடர் வேறு. நீ 1963 நவம்பர் 23, சனிக்கிழமை போன முதல் எபிசோடிலிருந்து பார். கென்னடி சுடப்பட்ட மறுநாள், சனத்தின் மனம் அங்கே இருந்தது. அதனால் அடுத்த சனிக்கிழமை அதையே திருப்பிப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவதைக் காட்டினார்கள். இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24. தயாரித்தவர் வெரிட்டி லாம்பேர்ட், 27. உன்னைவிட ஐந்து வயது குறைவு. குத்திக் காட்டவில்லை, நீயும் அந்த வயதில் யாருக்கும் குறைவாக இருக்கவில்லை, அதை நான் எல்லாரிடமும் சொல்கிறவன்.

அந்த எபிசோடை செப்டம்பர் 27இல் ஒருமுறை முழுக்க எடுத்தார்கள். கதவு சரியாக மூடவில்லை, கதாநாயகன் டொக்டர் தேவைக்கு மேல் கடுமையாக இருந்தார். மேலதிகாரி சிட்னி நியூமன் பார்த்துவிட்டு, திரும்ப எடுங்கள் என்றார். ஒக்டோபர் 18இல் முதலிலிருந்து எடுத்தார்கள். அதே ஆட்கள்தான். திரும்பத் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சும்மா சொல்கிறேன்.

ஹெட்போன் போட்டுக் கேள். டொக்டர் பயணம் செய்கிற அந்த நீலப் பெட்டி மறையும்போது வரும் இரைச்சல், பிரையன் ஹொட்ஜ்சன் பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பியில் வீட்டுச் சாவியை இழுத்து எடுத்தது. தலைப்பு இசையை எழுதியவர் ரொன் கிரெய்னர், ஆனால் உண்டாக்கியவர் டீலியா டெர்பிஷையர். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக ரேப்பில், அதாவது ஒலிநாடாவில், பதிந்து, பிளேட்டால் வெட்டி ஒட்டி, பிறகு பல மெசின்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சேர்த்தார்கள். அவர் பெயரைத் திரையில் போட 2013 ஆகிவிட்டது.

நாலாவது கதை மார்கோ போலோ. ஏழு எபிசோடும் இல்லை. உன் டிஸ்க் பழுது என்று நினைக்காதே. இரண்டு அங்குல வீடியோ ரேப் அந்நாளில் பெரிய விலை. நடிகர் சங்க ஒப்பந்தத்தால் நினைத்தபடி மறுஒளிபரப்புச் செய்யவும் முடியாது. அதனால் அழித்து அதன் மேலேயே வேறு எதையாவது பதிந்தார்கள். அறுபதுகளின் மூல ரேப் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்கு விற்க 16 மி.மீ. பிலிமில் எடுத்த பிரதிகள்தான் பெரும்பாலும் மிச்சம், அதிலும் எரித்தது எரித்தது. 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது எபிசோட் திரும்பி வந்தபோதும் இன்னும் 97 இல்லாமல் இருந்தது. அவுஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் பயங்கரம் என்று வெட்டி எடுத்த துண்டுகளோ பத்திரமாக இருக்கின்றன.

சத்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ரிவிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பள்ளிப்பிள்ளைகளால் மிஞ்சியது. இல்லாத எபிசோடை அந்தச் சத்தத்தோடு, ஜோன் கியூரா ரிவித் திரையிலிருந்து எடுத்த படங்களை வைத்துப் பார். கார்ட்டூனாகச் செய்ததைப் பிறகு பார்க்கலாம்.

பிலிமில் ஒரு குறை. வீடியோவில் வினாடிக்கு 50 அரைப்படம் ஓடும். திரையைப் பிலிம் கமராவால் எடுத்தபோது அது 25 ஆனது. அதனால்தான் ஆட்கள் கொஞ்சம் வெட்டி வெட்டி நடப்பதுபோல் இருக்கும். இடையில் இருந்ததைக் கணினியால் கணித்துத் திரும்ப 50 ஆக்கிய டிஸ்க்குகளும் வந்திருக்கின்றன, கிடைத்தால் அதையே பார். இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், பார்சலில் ஒரு வீடியோக் கசெற்றும் இருக்கிறது. நாலு மணித்தியாலக் கசெற். கணினியில் ஏற்றும்போது நீயும் அதே பிழையை விட்டுவிடக்கூடாது. 720க்கு 576, பால் (PAL) முறை, வினாடிக்கு 50. மென்பொருள் தானாக 25 என்று போடும், விடாதே.

அதற்கு முன் கசெற்றின் முதுகுப் பக்கம், இடது ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் காதை உடை. உடைத்தால் மெசின் அதன் மேல் பதியாது. குளிரில் வந்த கசெற்றை உடனே போடாதே, ஒருநாள் அறையில் வை. ஜன்னலால் பார், ரேப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். ஓட்டாதே, எனக்குச் சொல். இல்லாவிட்டால் கடைசிவரை ஒருமுறை ஓட்டித் திருப்பிச் சுற்று, பிறகு போடு. காதை உடைத்தாயா? முதலில் அதைச் செய்.

போட்டால் கிரிக்கெற் வரும். 1996 மார்ச் 17, லாகூர், உலகக்கிண்ண இறுதி, அரவிந்த டி சில்வாவின் 107. யாருக்குக் கைதட்டினேன் என்பதை விடு. அந்தக் கசெற்றில் அம்மம்மா வந்து நின்ற கோடை இருந்தது. மெசின் தின்றுவிட்டது என்று உன்னிடமும் அம்மாவிடமும் நான் சொன்னது பொய். அவசரத்தில் வேறு கசெற் கைக்கு வரவில்லை, காதும் உடைக்கவில்லை, நான்தான் அதன் மேல் பதிந்தேன். நீ மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, நினைவிருக்கும். பிபிசியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பரிசு கொடுப்பது முடிந்ததும் படம் போய்விடும். அழிக்கிற தலை மெசினில் பதிகிற தலைக்கு முன்னால் இருக்கிறது. நிறுத்தும்போது இரண்டுக்கும் இடையில் நின்ற துண்டு அழிந்திருக்கும், பதியப்பட்டிருக்காது. அதனால் சில வினாடிக்கு வெறும் பொரி பறக்கும். முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதே, ஓடவிடு. அதற்குப் பிறகு பதினொரு நிமிடம் அம்மம்மா இருக்கிறா. முருங்கைக்காய் சீவிக்கொண்டு உன்னைக் கூப்பிடுகிறா. உன்னைக் கமராவில் காணோம், "வாறன் அம்மம்மா" என்கிற குரல் மட்டும் கேட்கும்.

ஞாயிறு பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய்விடுவா, நான் தனியத்தான். அப்போது போன் எடு. மிளகாய்த்தூளைப் போத்தலில் போட்டு இறுக்கி மூடு.

அப்பா